இன்னும் திரும்பிப் போக நேரமிருக்கிறது: புவோலங்காவில் குடியேறப் போகிறவர்களுக்கு

ஃபின்லாந்தின் கைனூ வட்டாரத்தில் காட்டுச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். அரை மணி நேரமாக எதிரே ஒரு வண்டியைக் காணோம். சாலையின் இரண்டு பக்கமும் பைன் மரம், நடுவே ஏரி, மறுபடியும் பைன் மரம். திடீரென்று ஓரத்தில் ஒரு பலகை: அடுத்து வருவது புவோலங்கா, வண்டியைத் திருப்ப இன்னும் நேரமிருக்கிறது என்று. எவனோ குறும்புக்காரப் பையன் எழுதி வைத்ததில்லை. ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்குத் தாங்களே வைத்துக்கொண்ட வரவேற்பு. இந்தப் பலகையால் ஊர் பெயர் பிபிசி வரை போனது.

புவோலங்காவின் பரப்பளவு சுமார் 2,600 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர், அதாவது ஆறு சென்னை உள்ளே அடங்கும். மக்கள்தொகை 2,500-ஐத் தொடாது. 1980-களில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் இன்று மிச்சம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள்கூட முழுதாகத் தேறாத ஊர்.

முதியோர் பராமரிப்பு வேலை கிடைத்தோ, கல்யாணம் செய்துகொண்டோ, கணினி வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று வாடகை குறைவான இடம் தேடியோ இந்த மாதிரி ஊருக்கு வந்து சேரும் நம்மவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் கைனூவில் நாலு குளிர்காலம் தள்ளியவன். புவோலங்காவை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், சொல்வதில் முக்கால்வாசி பக்கத்து ஹ்யூருன்சல்மிக்கும் சுவோமுஸ்சல்மிக்கும் பொருந்தும்.

முதலில், நவம்பரில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்

ஜூலை மாதப் புகைப்படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஜூலையில் இந்த ஊர் எல்லாரையும் ஏமாற்றிவிடும். ராத்திரி பதினொன்றுக்கு வெயில், ஏரியில் படகு, 24 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஹெபோகோங்காஸ் அருவி. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் அருவிக்குப் போய்விடலாம். வந்தவர் அங்கேயே வீட்டு விலை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

நவம்பர் வேறு. இலை உதிர்ந்திருக்கும், பனி நிலைத்திருக்காது, மழையா பனியா என்று தீர்மானிக்க முடியாத ஒன்று வானத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கும். நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். டிசம்பர் கடைசியில் சூரியன் அடிவானத்துக்கு மேல் இருப்பதே மூன்றரை மணி நேரம் சொச்சம்தான். ஆனாலும் டிசம்பர் நவம்பரைவிடத் தேவலை. தரையெல்லாம் வெள்ளையாகிவிடுவதால் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் இரட்டிப்பாகத் தெரியும். கைனூவில் இரண்டு நவம்பர் நாட்கள் தங்கிவிட்டு, 'சரி, இருந்து பார்க்கலாம்' என்று தோன்றினால் மேற்கொண்டு படியுங்கள்.

பஸ்ஸிலேயே போய்ப் பாருங்கள். ஊருக்கு ரயில் கிடையாது. கயானி நகரம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், ஓலு சுமார் 130. ரயில், விமானம், பெரிய ஆஸ்பத்திரி, காவல் நிலையத்து அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் கயானி. இந்தப் பக்கத்துப் பஸ் அட்டவணையில் நேரத்தைவிட அதன் பக்கத்தில் இருக்கும் குட்டி எழுத்தைத்தான் கவனிக்க வேண்டும். சில வண்டிகள் வார நாட்களில் மட்டும், சில வண்டிகள் பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் மட்டும். ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூடம் மூடினால் அந்தப் பஸ்ஸும் மூடிக்கொள்ளும். நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு ஜூன் மாதக் காலையில், நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு. கடைசியில் ஒரு பாட்டி வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். கயானி போகும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "இலையுதிர்காலத்தில் மறுபடி ஓடும்" என்றார்.

தாள் வேலை

வரிசை முக்கியம், மாற்றிச் செய்தால் அலைச்சல்.

மக்கள்தொகைப் பதிவு அலுவலகத்தில் நேரில் போய்ப் பதிய வேண்டும். அங்கேதான் அடையாள எண்ணும், 'கொத்திகுந்தா' என்கிற சொந்த ஊராட்சிப் பதிவும் கிடைக்கும். ஊர்ச் சேவை எல்லாவற்றுக்கும் சாவி அந்தப் பதிவு. இந்தியாவிலிருந்து வருகிறவர் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும், வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிக்கொண்டே விமானம் ஏறுங்கள். இங்கே வந்த பிறகு அதற்காக ஊரில் ஆளைப் பிடிப்பது பெரும்பாடு.

அடுத்து வரி அட்டை. வேலை தொடங்குவதற்கு முன்பே வாங்கி முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் சம்பளத்தில் 60 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். பிற்பாடு திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் முதல் மாத வாடகையை 'பிற்பாடு' வைத்துக் கட்ட முடியாது.

அப்புறம் வங்கிக் கணக்கு. அதோடு வரும் இணையக் கடவுச்சொல்தான் இந்த நாட்டில் உங்கள் கையெழுத்து. சமூகக் காப்பீட்டு நிறுவனமான கேலா, வரித்துறை, ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் அதை வைத்துத்தான் உள்ளே நுழைவீர்கள். இதில் சில வாரங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும். வீடு மாறினால் ஒரு வாரத்துக்குள் அறிவித்துவிடுங்கள்.

ஆளை எண்ணுகிற ஊர்

இந்த ஊர்களைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஃபின்லாந்தில் ஊராட்சிகள் 300-க்குச் சற்று மேல். ஹெல்சின்கிக்கும் புவோலங்காவுக்கும் சட்டப்படி ஏறத்தாழ ஒரே கடமைகள். பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், நூலகம், தண்ணீர் எல்லாம் ஊராட்சி பொறுப்பு. அதற்கான காசு ஊராட்சி வரியிலிருந்தும் அரசு மானியத்திலிருந்தும் வருகிறது. மானியத்தில் பெரும்பங்கு, வருடக் கடைசியில் ஊரில் எந்த வயதுக்காரர் எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள் என்ற கணக்கை வைத்து வருவது. ஆக, டிசம்பர் 31 அன்று நீங்கள் எந்த ஊரில் பதிவாகியிருக்கிறீர்கள் என்பது ஊராட்சி அலுவலகத்துக்கு நிஜமாகவே முக்கியம். உங்கள் இரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்தால் ஒரு வகுப்பு பிழைத்துக்கொள்ளலாம்.

கைனூவுக்கு மேற்கே லெஸ்தியார்வி என்று இதைவிடச் சின்ன ஊர். 2012-இல் அங்கே ஒரே ஒரு குழந்தை பிறந்தது. மறு வருடமே ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டது: ஊரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 10,000 யூரோ, வருடத்துக்கு ஆயிரமாகப் பத்து வருடம், குடும்பம் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தால். சுற்றுப்பட்டு ஊர்கள் சிலவும் அதே வழியில் இறங்கின. எனவே வீடு பார்க்கப் போகும்போது ஊராட்சி அலுவலகத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள்: குழந்தைப் பணம் உண்டா, மனை சலுகை விலைக்கு உண்டா, குடிபெயர்வோருக்கு என்று தனி ஆள் உண்டா? பெருநகரத்தில் இப்படிக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இங்கே காபி போட்டுக் கொடுப்பார்கள்.

ஊர் ஏன் காலியானது என்பதும் தெரிந்திருக்கட்டும், யாராவது ஒரு பெரியவர் நிச்சயம் சொல்லத் தொடங்குவார். கைனூவுக்குப் பழைய பட்டப்பெயர் பசிநாடு. 1866 முதல் 1868 வரை அடித்த பஞ்சம் இந்தப் பக்கத்தைக் கடுமையாக உலுக்கியது. பைன் மரத்திலிருந்து தார் எடுத்து, நீளமான ஒடுங்கிய படகுகளில் ஏற்றி, ஆற்றோடு ஓலு துறைமுகத்துக்கு அனுப்பி வயிறு கழுவிய வட்டாரம் இது. பிறகு மரம் வெட்டும் வேலை வந்தது. அதில் நூறு பேர் பார்த்த வேலைக்கு மோட்டார் ரம்பம் ஆளைக் குறைத்தது. அதற்கப்புறம் வந்த அறுவடை இயந்திரம், ஒரே ஓட்டுநரை வைத்துக்கொண்டு மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை சீவி, துண்டு போட்டுவிடுகிறது. 1960-களிலும் 70-களிலும் ஆட்கள் தெற்கே போனார்கள், ஸ்வீடனுக்குப் போனார்கள். கயானியின் காகித ஆலை 2008-இல் மூடப்பட்டது. அதே வளாகத்தில் இன்று லூமி என்கிற சூப்பர் கம்ப்யூட்டர் ஓடுகிறது. கணினி ஆட்கள் கைனூ பக்கம் தலை காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீடு

வாடகை விளம்பரத்தில் '2ஹெச்+கே+எஸ்' என்பது போல ஒரு சங்கேதம் இருக்கும். ஹெச் என்றால் அறை, கே என்றால் சமையலறை, எஸ் என்றால் சானா, சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேர்க்கும் அறை. வீட்டுக்குள் சானா இல்லாத அடுக்குமாடியில் பொதுச் சானாவில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உங்கள் பெயருக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். முன்பணம் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. ஊராட்சியின் வாடகை வீடுகளைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். வெப்பமூட்டல் வாடகையில் சேர்த்தியா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகையே மலிவு, வெப்பம்தான் காசு.

சொந்த வீடு வாங்கும் ஆசை இரண்டாம் மாதமே வரும். பழைய கார் விலைக்குத் தோட்டத்தோடு வீடு கிடைக்கும் என்பது உண்மைதான். அவசரப்பட வேண்டாம். வீட்டுச் சோதகர் ஒருவரை வைத்துக் கூரை, அடித்தளம், கிணறு, கழிவுத்தொட்டி, சூடாக்கும் முறை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நிலத்தோடு கூடிய வீட்டை ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர் வாங்க, 2020 முதல் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி தேவை. அடுக்குமாடி வீட்டை நிறுவனப் பங்காக வாங்கினால் இது கிடையாது. தரகரே சில சமயம் இதைச் சொல்ல மறந்துவிடுவார்.

குளிர்காலத்துக்குத் தயாராவது

உடுப்பைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றுதான் சொல்வேன்: ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்கி உள்ளே கம்பளி சாக்ஸ் போடுங்கள். இறுக்கமான ஷூ எத்தனை விலை என்றாலும் விரல் மரத்துப்போகும்.

இருட்டில் நடக்கும்போது 'ஹெயாஸ்தின்' என்கிற சின்ன ஒளிபிரதிபலிப்பான் உடுப்பில் தொங்க வேண்டும். சட்டமும் அதைச் சொல்கிறது. சாவிக்கொத்து மாதிரி இருக்கும் அற்பப் பொருள், வங்கியிலும் நூலகத்திலும் சும்மாவே தருவார்கள். முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டால் வண்டி விளக்குக்குச் சரியாகப் படும்.

கார் இல்லாமல் ஊர் மையத்தில் மட்டும் வாழலாம், ஐந்து கிலோமீட்டர் வெளியே போனால் முடியாது. நவம்பர் முதல் மார்ச் இறுதிவரை சாலை நிலைமை கேட்டால் குளிர்கால டயர் கட்டாயம். கைனூ சாலை கேட்காத நாள் கிடையாது. கார் நிறுத்துமிடங்களில் சின்னச் சின்னக் கம்பங்கள் நிற்கும். முதலில் பார்த்தபோது மின்சார கார்களுக்கு என்று நினைத்தேன். இல்லை, பெட்ரோல் காரின் இன்ஜினைச் சூடாக்கக் கம்பி சொருகும் இடம். இருபது டிகிரி மைனஸில், கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு ஓடும்படி அதிலுள்ள கடிகாரத்தைத் திருகி வைப்பார்கள். கம்பியைக் காரிலிருந்து கழற்றியதும் கம்பத்தில் தொங்க விட்டுவிட்டுப் போகாதீர்கள், உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் ஓடும் கம்பியைக் குழந்தைகள் தொடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் உங்களைத் திட்டினால் அது நியாயம்.

சூரியன் இறங்கும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் வேகத்தைக் குறையுங்கள். கடமான், அதாவது மூஸ் என்கிற பெரிய மான், சாலையைக் கடக்கும். அதன் கால்கள் நீளம், மோதினால் உடல் நேராகக் கண்ணாடிக்கு வரும். ஊராட்சியின் வடக்குப் பகுதி கலைமான் (ரெயின்டீர்) மேய்க்கும் வட்டாரத்தைச் சேர்ந்தது. கலைமான் சாலையை விட்டு விலக அவசரப்படுவதே இல்லை. எதன் மீது மோதினாலும் அவசர எண் 112-ஐக் கூப்பிட வேண்டும். கலைமான் யாரோ ஒருவருடைய சொத்து என்பதை மறக்காதீர்கள்.

அப்புறம் மின்வெட்டு. நம் ஆட்களுக்கு இதில் அனுபவம் உண்டு என்றாலும் இங்கே காரணம் வேறு. பல்யக்கா மேட்டுப் பக்கம் மரங்களில் பனி அப்பி அப்பி, பைன் மரம் வெள்ளைப் பூதம் மாதிரி நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. அந்தப் பாரம் தாங்காமல் மரம் முறிந்து மின்கம்பியில் விழும். 2018 ஜனவரியில் கைனூவில் இப்படித்தான் நாள்கணக்கில் மின்சாரம் போனது. 72 மணி நேரம் யார் உதவியும் இல்லாமல் வீட்டில் தாக்குப்பிடிக்கிற மாதிரி தண்ணீர், சாப்பாடு, டார்ச், மருந்து வைத்திருக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் சொல்லப்படும் பாடம். விறகடுப்பு உள்ள வீடு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரே வார்த்தை: உறைபெட்டி. ஓலு போகும்போது உளுந்து, புளி, கறிவேப்பிலை எல்லாம் வாங்கிவந்து நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். தயிருக்கு ஊர்க் கடையிலேயே 'மவுஸ்தமாத்தோன் யொகுர்த்தி' என்று எழுதியதை எடுங்கள், சர்க்கரை போடாதது. 'பீமா' என்பது புளித்த மோர். கொஞ்சம் இஞ்சி, உப்பு, பச்சை மிளகாய் தட்டிப் போட்டால் அம்மா கையில் குடித்த மாதிரியே இருக்கும். அப்படி இருந்ததைப் பார்த்து முதல் வருடம் எனக்குக் கண் கலங்கியது, இருட்டுக் காலத்தின் வேலையாகவும் இருக்கலாம்.

மொழி: இங்கே ஆங்கிலத்தை நம்பாதீர்கள், தமிழை நம்புங்கள்

ஒரு ஊராட்சியில் ஸ்வீடிஷ் பேசுவோர் 8 சதவீதமோ 3,000 பேரோ இருந்தால்தான் அது இருமொழி ஊர். கைனூவில் அப்படி எதுவும் இல்லை, அத்தனையும் ஃபின்னிஷ் மட்டும். பலகை, படிவம், மருந்துக் காகிதம் எல்லாம் ஃபின்னிஷ். இளையவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். ஆனால் ஊரில் பெரும்பாலோர் இளையவர்கள் இல்லை.

ஃபின்னிஷ் கஷ்டம் என்று ஐரோப்பியர்கள் சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நமக்கு அதில் பாதி வீட்டுச் சமாச்சாரம். குறில் நெடில் பார்த்துப் பேச வேண்டும், ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். 'துலி' என்றால் தீ, 'தூலி' என்றால் காற்று, 'துல்லி' என்றால் சுங்கம். எரிக்கும் ஏரிக்கும், கனிக்கும் கன்னிக்கும் வித்தியாசம் தெரிந்த காதுக்கு இது ஒரு பெரிய விஷயமா? வேற்றுமையும் நம்மைப் போலவே வால் வாலாக ஒட்டும். 'தலோ' வீடு. 'தலோஸ்ஸா' வீட்டில். 'தலோஸ்தா' வீட்டிலிருந்து. 'தலோஸ்ஸானி' என் வீட்டில். 'தலோஸ்ஸானிகின்' என் வீட்டிலும். கடைசி 'கின்' அப்படியே நம் 'உம்'.

ஊர்ப் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கயானியில் என்பதற்கு 'கயானிஸ்ஸா' என்பார்கள். ஆனால் புவோலங்காவில் என்பதற்கு 'ஸ்ஸா' வராது, 'ல்லா' வரும். எந்த ஊருக்கு எது என்று மனப்பாடம்தான். அதோடு நடுவிலிருக்கும் 'க' கரைந்து 'புவோலங்ஙல்லா' ஆகிவிடும். இங்ஙனம், அங்ஙனம் தவிர வேறெங்கும் வேலையில்லாமல் கிடந்த நம் ங்ங, ஒரு ஃபின்னிஷ் காட்டூரில் தினசரி உபயோகத்தில் இருக்கிறது. இதை ஒழுங்காகச் சொன்னால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார்.

வகுப்பில் கற்கும் மொழி வேறு, கடையில் கேட்கும் மொழி வேறு என்பதும் நமக்குப் பழக்கமானதே. புத்தகத்தில் 'மினா ஓலேன்', வாயில் 'மா ஓன்'. 'செய்துகொண்டிருக்கிறேன்' என்பதைச் 'செஞ்சிட்டிருக்கேன்' என்று சொல்லும் இனம் இதற்கெல்லாம் அசரக்கூடாது. நிஜமாகத் தடுமாற வைப்பது ஒன்று: அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான், 'ஹான்'. பக்கத்து வீட்டுக்காரர் பத்து நிமிடம் ஒருவரைப் பற்றிப் பேசி முடித்த பிறகும் அது தம்பியா தங்கையா என்று உங்களுக்குத் தெரியாது.

2025 தொடக்கத்திலிருந்து வேலைவாய்ப்புச் சேவையும் குடியேறியவர்களுக்கான உதவியும் ஊராட்சிகளின் பொறுப்பு. மொழி வகுப்புக்கு அங்கேயே கேளுங்கள். 'கன்சலைசோபிஸ்தோ' என்கிற மாலைப் பள்ளியில் பெயர் கொடுங்கள். கட்டணம் சொற்பம். மொழி வகுப்பைவிடத் தறி நெய்கிற வகுப்பிலோ மரவேலை வகுப்பிலோ சேர்வது நல்லது. கைக்கு வேலை இருந்தால்தான் இந்த ஊர்க்காரர்களுக்கு வாய் திறக்கும்.

பிள்ளைகள், உடம்பு

பள்ளிக்கூடமும் மத்தியானச் சாப்பாடும் இலவசம், சாப்பாடு 1948-லிருந்து. வீடு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் போக்குவரத்து ஊராட்சி செலவு. பஸ் இல்லாத திசைக்கு டாக்சி வரும். ஆறு வயதுப் பிள்ளை தனியாக டாக்சியில் ஏறிப் போவதைப் பார்க்க முதல் வாரம் வயிற்றைப் பிசையும், அப்புறம் பழகிவிடும். ஃபின்னிஷ் தெரியாத பிள்ளைக்குச் சுமார் ஒரு வருட ஆயத்தக் கல்வி உண்டு. பள்ளியில் பனிச்சறுக்கு உண்டு, அதற்கான கட்டையைப் புதிதாக வாங்காதீர்கள், மறுவிற்பனைக் கடையில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மருத்துவம் 2023 முதல் ஊராட்சியிடம் இல்லை, கைனூ நலச்சேவை வட்டாரத்திடம். அவசரத்துக்கு 112. அவசரமா இல்லையா என்று தெரியாவிட்டால் 116117-ஐக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், 90 கிலோமீட்டர் வீணாகாது. கர்ப்பம் என்று தெரிந்ததும் 'நெவ்வோலா' என்கிற தாய்சேய் நல நிலையம். குழந்தைத் துணிமணி அடங்கிய புகழ்பெற்ற பெட்டி அந்த வழியாகத்தான் வரும். 1938-இல் ஏழைத் தாய்மார்களுக்கென்று தொடங்கி 1949 முதல் எல்லாருக்கும். பெட்டிக்குப் பதில் பணமும் வாங்கலாம், முதல் குழந்தைக்குப் பெட்டியே வாங்குங்கள்.

காடு

யாருடைய காட்டிலும் நடக்கலாம், பழம், காளான் பறிக்கலாம். வீட்டு முற்றத்தருகே போகக்கூடாது, உரிமையாளர் சம்மதமில்லாமல் தீ மூட்டக்கூடாது. ஜூலையில் சதுப்பில் பழுக்கும் ஆரஞ்சு நிற ஹில்லா, ஆகஸ்டில் அவுரிநெல்லி (ப்ளூபெர்ரி), செப்டம்பரில் சிவப்பு லிங்கன்பெர்ரி. பறித்து விற்றால் வருமானத்துக்கு வரி இல்லை. ஹில்லா எங்கே பறித்தீர்கள் என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள், இதைப் பொறுக்க மாட்டார்கள். வசந்தத்தில் சந்தையில் 'கொர்வசியேனி' என்று சுருண்ட பழுப்புக் காளான் விற்பார்கள். இரண்டு முறை நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொட்டி, அலசினால்தான் உணவு. பச்சையாகச் சாப்பிட்டால் ஆளைக் கொல்லும் விஷம். எச்சரிக்கைத் தாளோடுதான் தருவார்கள், படித்துவிட்டுச் சமையுங்கள், இல்லை என்னைப் போல வாங்காமலே இருங்கள்.

கடைசியாக, பேசுவது எப்படி

அந்தப் பலகைக்குத் திரும்புவோம். புவோலங்காவில் 'பெசிமிசம்' சங்கம் ஒன்று உண்டு, அவநம்பிக்கையாளர் சங்கம். ஆள் குறைகிறது, இளைஞர் போகிறார்கள், எல்லாத் துயரப் பட்டியலிலும் ஊர் முன்னால் நிற்கிறது என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டே இருந்தன. ஊர்க்காரர்கள் அதையே எடுத்துத் தொழிலாக்கிவிட்டார்கள். அவநம்பிக்கைக்கு ஒரு திருவிழா, ஒரு இசை நாடகம், ஊரைப் புகழாமல் இகழும் காணொளிகள். ஊர்ப் பெருமை பாட மற்ற ஊர்கள் விளம்பர நிறுவனத்துக்குக் காசு கொட்டுகின்றன. இவர்கள் ஊர்ச் சிறுமை பாடி நாடு முழுக்கப் பெயர் வாங்கிவிட்டார்கள். 'அவநம்பிக்கைக்காரன் ஏமாறுவதில்லை' என்பது ஃபின்னிஷ் பழமொழி.

இது புரியாமல் புதியவர் செய்யும் தவறு ஒன்றுண்டு, நானும் செய்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், "இந்த வருடம் பனி சீக்கிரமே வந்துவிட்டது, உருளைக்கிழங்கு போச்சு, ஊரும் போச்சு" என்றார். "அப்படியெல்லாம் சொல்லாதீர்கள், அருமையான ஊர்" என்று ஆறுதல் சொன்னேன். மனிதர் முகம் விழுந்துவிட்டது. அவர் ஆறுதல் கேட்கவில்லை, பேச்சுத்துணை கேட்டிருக்கிறார். சரியான பதில், "அடுத்த வருடம் இதைவிட மோசமாக இருக்கும்" என்பது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் 'பிரமாதம்' என்று சொல்லாதீர்கள், 'விசேஷமாக ஒன்றுமில்லை' என்றால் போதும். 'தயவுசெய்து' என்பதற்கு இந்த மொழியில் தனிச் சொல்லே இல்லை. அதனால் அவர்கள் கேட்பது கட்டளை மாதிரி ஒலிக்கும், கோபம் என்று நினைக்காதீர்கள். மௌனமும் அப்படித்தான்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும், அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காபி கொடுத்தால் மறுக்காதீர்கள். கூடவே 'ரோன்த்தோனென்' வரும். கம்பு மாதிரி கருத்த மாவில் சின்னக் கிண்ணம் செய்து, உருளைக்கிழங்கும் லிங்கன்பெர்ரியும் கலந்து வைத்துச் சுட்டது, கைனூவுக்கே உரியது. சானாவுக்கு அழைத்தால் அது பெரிய மரியாதை. ஆண்கள் தனி, பெண்கள் தனி, உடுப்பில்லாமல், ஒரு துண்டை விரித்து அதன்மேல் உட்கார வேண்டும். வெட்கமாக இருந்தால் நேராகச் சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். உள்ளே கோயிலில் இருக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது பெரியவர்கள் வாக்கு. என்னிடம் வெளியே ஒரு வருடமாகப் பேசாத ஒருவர், கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தன் மனைவி இறந்த கதையைச் சொன்னது அங்கேதான்.

'தல்கோத்' என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தால் கையுறையோடு போங்கள். ஊர்க்கூடி வேலை: படகுத்துறைக்குப் பலகை அடிப்பது, பனிச்சறுக்குத் தடத்தில் புதர் வெட்டுவது. கூலி இல்லை, சூப்பு உண்டு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஊராட்சித் தேர்தல் வரும். இரண்டு வருடம் தொடர்ந்து நாட்டில் ஊராட்சிப் பதிவோடு இருந்தால் வெளிநாட்டவரும் வாக்களிக்கலாம், போட்டியிடவும் செய்யலாம். 2,500 பேர் ஊரில் சில பத்து வாக்கு ஒருவரை உறுப்பினராக்கிவிடும்.

அக்டோபரில் ஊரே காலியாகிவிடும், பயப்படாதீர்கள். கடமான் வேட்டை. வேலைக்கு வருகிறேன் என்று சொன்ன தச்சர் வரமாட்டார். வேட்டை முடிந்ததும் 'ஹிர்விபெயைசெத்' என்ற விருந்து நடக்கும், பெரிய அண்டாவில் கறிச்சூப்பு. வேட்டைச் சங்கம் நில உரிமையாளர்களுக்கும் ஊராருக்கும் போடும் சாப்பாடு. கறி சாப்பிடாவிட்டாலும் போங்கள், உருளைக்கிழங்கும் ரொட்டியும் காபியும் இருக்கும். எனக்கு இரண்டாவது வருட விருந்தில்தான், அந்த உருளைக்கிழங்குப் பெரியவர் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சாப்பிட்டார். அப்புறம் தலை நிமிராமலே கேட்டார்:

"இன்னும் போகலையா?"

"பஸ் இல்லை" என்றேன்.

உப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.